கண்ணாடி வீட்டில் ஒரு மருத்துவர்: வீடு யாருக்காக?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிளேனோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. சிகாகோ நகரிலிருந்து தென்மேற்கே சுமார் 90 கிலோமீட்டர் தூரம். சுற்றிலும் மக்காச்சோள வயல்கள். ஒரு காலத்தில் அறுவடை இயந்திரங்கள் செய்து பெயர் பெற்ற ஊர். அந்தப் பக்கத்து வீடுகள் பெரும்பாலும் மரப்பலகைச் சுவரும், இருபுறமும் சரிந்த கூரையும், முன்பக்கம் ஒரு திண்ணையும் கொண்டவை.

இந்த ஊருக்கு வெளியே, ஃபாக்ஸ் என்ற ஆற்றின் கரையில், 1951ஆம் ஆண்டு ஒரு வீடு கட்டி முடிக்கப்பட்டது. அதற்குச் சரிந்த கூரை இல்லை. செங்கல் இல்லை. சுவர்கூட இல்லை என்றே சொல்லலாம். வெள்ளை வண்ணம் பூசிய எட்டு எஃகுத் தூண்கள், தரையிலிருந்து சுமார் ஐந்தேகால் அடி உயரத்தில் ஒரு தளம், அதற்கு மேலே தட்டையான ஒரு கூரை. இரண்டுக்கும் நடுவே நான்கு பக்கமும் கண்ணாடி. தளத்தின் நீளம் 77 அடி, அகலம் 28 அடி. தூரத்திலிருந்து பார்த்தால் புல்வெளிக்கு மேலே ஒரு வெள்ளைப் பெட்டி மிதப்பதுபோல் தெரியும்.

உலகம் முழுவதும் கட்டிடக்கலை படிக்கும் மாணவர்கள் இன்று இந்த வீட்டைப் பாடமாகப் படிக்கிறார்கள். ஆனால் இதைக் கட்டச் சொல்லிப் பணம் கொடுத்தவர், கட்டியவரோடு நீதிமன்றத்தில் நின்றார். இத்தனை அழகான வீட்டில் அவருக்கு என்ன குறை? வீடு கட்டுகிற, கட்டக் கனவு காண்கிற நம் குடும்பங்கள் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

கட்டச் சொன்னவரும் கட்டியவரும்

வீட்டுக்காரரின் பெயர் ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த். 1903ல் பிறந்தவர். சிகாகோவில் சிறுநீரக நோய் மருத்துவராகவும் ஆராய்ச்சியாளராகவும் இருந்தார். பெண்கள் மருத்துவராவது அரிதாக இருந்த காலம் அது. திருமணம் செய்துகொள்ளவில்லை. வாரம் முழுவதும் மருத்துவமனையில் உழைத்துவிட்டு, வார இறுதியில் மட்டும் ஓய்வெடுக்க அமைதியான ஓரிடம் வேண்டும் என்று ஆற்றங்கரையில் நிலம் வாங்கினார்.

கட்டியவர் மீஸ் வான் டெர் ரோ. ஜெர்மனியின் ஆகன் நகரில் 1886ல் பிறந்தவர். ஜெர்மனியில் பவ்ஹவுஸ் என்ற புகழ்பெற்ற கலைப்பள்ளிக்குக் கடைசித் தலைவராக இருந்தவர். நாஜிகளின் நெருக்கடியால் 1933ல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. 1938ல் அவர் சிகாகோவுக்கு வந்து அங்கே கட்டிடக்கலை கற்பித்தார். இருவரும் 1945ல் ஒரு விருந்தில் சந்தித்தார்கள். தன் நிலத்தில் ஒரு சிறிய வீடு கட்ட முடியுமா என்று மருத்துவர் கேட்டார். அவரும் ஒப்புக்கொண்டார்.

ஆரம்பத்தில் இருவருக்கும் நல்ல நட்பு. சேர்ந்து ஆற்றங்கரைக்குப் போய் இடம் பார்த்தார்கள். 1947ல் வீட்டின் மாதிரி நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. ஒரு செங்கல்கூட வைக்காத காலத்திலேயே வீடு புகழ் பெற்றுவிட்டது. கட்டுமானம் 1949ல்தான் தொடங்கியது.

சுவர் எப்படிக் கண்ணாடியானது?

இந்த வகைக் கட்டிடக்கலையை நவீனத்துவம் என்பார்கள். இதன் அடிப்படை எளிமையானது. பழைய வீடுகளில் கூரையைத் தாங்குவது சுவர். அதனால் சுவர் தடிமனாக இருக்கும். ஜன்னல் என்பது சுவரில் போடும் ஓட்டை. பெரிதாகப் போட்டால் சுவர் பலவீனமாகும். எஃகுத் தூண்களும் கான்கிரீட்டும் வந்த பிறகு, பாரத்தைத் தூண்களே தாங்கிக்கொண்டன. சுவருக்கு வேலை போய்விட்டது. அது வெறும் மறைப்பாக மட்டும் ஆனது. மறைப்புதானே, அதைக் கண்ணாடியில் செய்தால் என்ன என்று கேட்டார்கள் இந்தக் கலைஞர்கள்.

இதில் நல்ல நோக்கமும் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் வீடுகளுக்குப் பெரும் பற்றாக்குறை. இருண்ட, காற்றில்லாத குடியிருப்புகளில் நோய் பரவியது. வெளிச்சமும் காற்றும் உள்ள, வீண் அலங்காரமில்லாத கட்டிடங்கள் வேண்டும் என்று நவீனத்துவவாதிகள் சொன்னார்கள். குறைத்துக்கொள்வதே நிறைவு என்பது மீஸ் வான் டெர் ரோவின் கொள்கை. அலங்காரத்துக்காகப் பணத்தைக் கொட்டுவதை வெறுக்கும் மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு, இந்தப் பேச்சில் ஒரு நியாயம் தெரியத்தான் செய்கிறது.

பிளேனோ வீட்டில் அவர் இந்தக் கொள்கையை அதன் எல்லை வரை கொண்டுபோனார். உள்ளே தனித்தனி அறைகள் இல்லை. முழுவதும் ஒரே கூடம். நடுவில் மரப்பலகை போர்த்திய ஒரு பெட்டி போன்ற அமைப்பு. அதற்குள் இரண்டு குளியலறைகள், அதன் ஒரு பக்கத்தில் சமையல் மேடை, மறுபக்கத்தில் கணப்பு. குளியலறைகள் தவிர கதவு போட்டு மூடிக்கொள்ள வேறு இடமில்லை. படுக்கும் இடம், உட்காரும் இடம், சமைக்கும் இடம் எல்லாம் ஒரே பரப்பின் மூலைகள். நிலம் பெரியது, சுற்றிலும் மரங்கள், அக்கம்பக்கத்தில் யாருமில்லை. ஆகவே மரங்களே திரையாக இருக்கும், உள்ளே இருப்பவர் இயற்கையின் நடுவே வாழ்வார் என்பது அவருடைய எண்ணம். துணித் திரைகளும் போடப்பட்டன.

வாழ்ந்து பார்த்தபோது

வீட்டில் குடியேறிய பிறகுதான் மருத்துவருக்கு மற்றதெல்லாம் தெரிந்தது.

முதலில் வெப்பம். கண்ணாடி வெயிலை உள்ளே விடும். உள்ளே புகுந்த வெயில் தரையையும் பொருட்களையும் சூடாக்கும். அந்தச் சூடு கண்ணாடியைத் தாண்டி எளிதில் வெளியே போகாது. திறக்கக்கூடியவை ஒரு பக்கம் கதவும், எதிர்ப்பக்கம் கீழே இரண்டு சிறிய ஜன்னல்களும் மட்டுமே. அப்போது அந்த வீட்டில் ஏ.சி. கிடையாது. தெற்குப் பக்கம் நின்ற பெரிய மேப்பிள் மரம் ஓரளவு நிழல் தந்தது. குளிர்காலத்தில் தலைகீழ்: ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் ஈரம் கோத்து வழிந்தது. கூரை ஒழுகியது. இரவில் விளக்குப் போட்டால் ஆற்றங்கரைப் பூச்சிகளும் கொசுக்களும் வெளிச்சத்தைத் தேடி மொய்த்தன. பிறகு திண்ணைக்குக் கொசுவலை அடைக்க வேண்டியதாயிற்று. துணிமணி வைக்க ஓர் அலமாரியும் பிறகு வந்ததுதான்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய துன்பம் பார்வை. வீடு புகழ் பெற்றதால் அதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அழைக்காமலே வந்தார்கள். வார இறுதியில் ஓய்வெடுக்க வந்தவர், வேடிக்கை பார்ப்பவர்களின் நடுவே இருந்தார். 1953ல் ஒரு பத்திரிகைக்குப் பேசியபோது, சமையல் தொட்டிக்குக் கீழே ஒரு குப்பைக் கூடைகூட வைக்க முடியவில்லை என்றார். வெளியே வரும் வழியிலிருந்து பார்த்தால் சமையலிடம் முழுவதும் தெரியும் என்பதுதான் காரணம். இரைதேடி அலையும் விலங்கைப்போல எப்போதும் விழிப்பாகவே இருக்க வேண்டியிருக்கிறது என்ற பொருளிலும் பேசினார்.

குப்பைக் கூடை சின்ன விஷயம்தான். ஆனால் தன் வீட்டில் ஒரு குப்பைக் கூடையை எங்கே வைப்பது என்பதை வெளியே நிற்பவரின் கண் முடிவு செய்தால், அந்த வீட்டில் அவர் விருந்தாளி. வீட்டுக்காரர் அல்ல.

ஸகன் என்ற சொல்

திருக்குர்ஆன் வீட்டைப் பற்றிப் பேசும்போது அதன் உயரத்தையோ அழகையோ முதலில் சொல்லவில்லை. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனத்தில், அல்லாஹ் உங்கள் வீடுகளை உங்களுக்கு ஸகனாக ஆக்கினான் என்ற கருத்து வருகிறது. அதே வசனம், பயணத்துக்கு இலேசாக இருக்கும் தோல் கூடாரங்களையும் ஓர் அருட்கொடையாகச் சொல்கிறது. கனமான வீடானாலும் இலேசான கூடாரமானாலும் இரண்டும் அருட்கொடைதான். வீட்டுக்கு அங்கே சொல்லப்பட்ட பயன் ஸகன்.

ஸகன் என்றால் என்ன? மதரஸாவில் ஓதும் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட ஸுகூன் தெரியும். ஓர் எழுத்தின்மேல் ஸுகூன் வந்தால் அந்த எழுத்தின் அசைவு நின்றுவிடும். ஸகன் அதே வேரிலிருந்து வந்த சொல். ஓடிக்கொண்டே இருக்கும் மனிதன் வந்து அசைவு நிற்கும் இடம், மனம் அமைதியடையும் இடம் என்று பொருள். கணவன் மனைவி ஒருவரிடம் ஒருவர் அமைதி பெறுவதைச் சொல்லும் அர்ரூம் அத்தியாயத்தின் 21ஆம் வசனத்திலும் இதே வேர்ச்சொல்தான் வருகிறது.

பிளேனோ வீட்டில் வெளிச்சம் இருந்தது. எளிமை இருந்தது. அழகு நிச்சயமாக இருந்தது. ஸகன் குறைந்துபோனது. வேலைக்களைப்பு நீங்க வேண்டிய இடத்தில், பிறர் பார்க்கிறார்களே என்ற எச்சரிக்கை உணர்வு உட்கார்ந்துகொண்டது.

மூன்று நேரங்களும் ஒரு கதவும்

வீட்டுக்குள் மறைவு என்பது நம் மார்க்கத்தில் அந்நியரோடு மட்டும் முடிந்துவிடும் விஷயம் அல்ல. அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம், பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லாமல் நுழையக் கூடாது என்கிறது. 58ஆம் வசனம் இன்னும் உள்ளே வருகிறது. ஃபஜ்ர் தொழுகைக்கு முன், நண்பகலில் ஆடை தளர்த்தி ஓய்வெடுக்கும் வேளை, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களிலும் வீட்டுப் பணியாளர்களும் பருவமடையாத பிள்ளைகளும்கூட அனுமதி கேட்டுத்தான் வர வேண்டும். பருவமடைந்த பிள்ளைகள் எப்போதுமே கேட்க வேண்டும் என்று அடுத்த வசனம் கற்றுத் தருகிறது.

அனுமதி கேட்க வேண்டுமென்றால் ஒரு கதவு வேண்டும். குறைந்தது ஒரு திரையாவது வேண்டும். எல்லாம் ஒரே கூடமாக இருக்கும் வீட்டில் இந்த வசனத்தை எப்படி நடைமுறைப்படுத்துவது? தனியாக வாழ்ந்த ஒருவருக்கே அந்த வீடு கஷ்டமாக இருந்தது என்றால், பெற்றோர், பிள்ளைகள், மருமகள், விருந்தினர் என்று வாழும் குடும்பத்துக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஒருவர் நபி (ஸல்) அவர்களுடைய அறையின் ஓட்டை வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். நபியவர்கள் அப்போது ஒரு சீப்பு போன்ற பொருளால் தலையைக் கோதிக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதரின் செயலைக் கடுமையாகக் கண்டித்துவிட்டு, அனுமதி கேட்பது சட்டமாக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று விளக்கினார்கள். தலை சீவுவது மறைக்க வேண்டிய செயல் அல்ல. ஆனாலும் தன் வீட்டில் ஒருவர் தலை சீவும்போது பிறர் பார்க்காமலிருப்பது அவருடைய உரிமை. மருத்துவரின் குப்பைக் கூடையும் இதே வகைதான்.

இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நபியவர்கள் யாருடைய வீட்டுக்காவது போனால் வாசலுக்கு நேரே நிற்காமல் வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒதுங்கி நிற்பார்கள் என்றும், அந்நாளில் வீட்டு வாசல்களுக்குத் திரை இருக்கவில்லை என்றும் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. வாசலில் திரை இல்லாத வீடுகள் மதீனாவிலும் இருந்தன. வருபவரின் ஒழுக்கம்தான் அங்கே திரையாக நின்றது. எனவே பிளேனோவில் நடந்ததற்குக் கண்ணாடியை மட்டும் குற்றம் சொல்வது நீதியாகாது. கண்ணாடிக்கு அருகே வந்து உள்ளே பார்த்தவர்களின் பங்கும் அதில் உண்டு. இன்று நாம் அடுத்த வீட்டு மாடியை, பக்கத்து வீட்டுச் சமையலறையை, பிறர் குடும்பப் படங்களைக் கைப்பேசியில் பார்க்கும் பார்வைக்கும் இது பொருந்தும்.

எழுதாமல் விட்ட பேச்சு

வீட்டைக் கட்டியவரும் கட்டச் சொன்னவரும் பிரிந்ததற்கு உடனடிக் காரணம் பணம். மருத்துவர் ஆரம்பத்தில் மனதில் வைத்திருந்த தொகை சுமார் 40,000 டாலர். கட்டி முடித்தபோது செலவு சுமார் 74,000 டாலர். இத்தாலியிலிருந்து வந்த டிராவர்டைன் கல் தரை, மிக நேர்த்தியாக வெல்டிங் செய்து தேய்க்கப்பட்ட எஃகு, பெரிய பெரிய கண்ணாடித் தகடுகள் என்று ஒவ்வொன்றும் விலையை ஏற்றின. பார்வைக்கு எளிமையாகத் தெரிவது செலவில் எளிமையாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, கட்டிடக் கலைஞரின் ஊதியம் எவ்வளவு என்று இருவரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான். நட்பு இருந்தது, நம்பிக்கை இருந்தது, எழுத்து இல்லை. 1951ல் மீஸ் வான் டெர் ரோ தனக்கு இன்னும் சுமார் 28,000 டாலர் வர வேண்டும் என்று வழக்குப் போட்டார். மருத்துவர் எதிர்வழக்குப் போட்டார். 1952ல் வாரக்கணக்கில் விசாரணை நடந்தது. சாட்சியங்கள் ஆயிரக்கணக்கான பக்கங்களில் பதிவாயின. முடிவு கட்டிடக் கலைஞருக்குச் சாதகமாக வந்தது. பின்னர் சமரசமாகப் பணம் கொடுத்து வழக்கு முடிந்தது. நட்பு திரும்ப வரவில்லை.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது? தொழுகை பற்றியதா, நோன்பு பற்றியதா? இல்லை. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தவணைக் கடனை எழுதிக்கொள்ளுங்கள், எழுதுபவர் நீதியாக எழுதட்டும், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள், தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சோம்பாதீர்கள் என்று விரிவாகப் பேசும் வசனம். எழுதுவது கடமை என்றும், விரும்பத்தக்கது என்றும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெரும்பான்மையோர் விரும்பத்தக்கது என்கிறார்கள். ஆனால் கூலிக்கு வேலை வாங்கும் ஒப்பந்தத்தில் வேலையும் கூலியும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹு நூல்கள் வலியுறுத்தும் சட்டம். தெளிவில்லாத கூலி சண்டைக்கு வழி என்பதை நம் இமாம்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள்.

நம் ஜமாஅத்துகளுக்கு வரும் பஞ்சாயத்துகளில் வீடு கட்டிய கணக்கு எப்போதும் ஒன்றாக இருக்கிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சாகப் பேசியிருப்பார்கள். கம்பி விலை ஏறினால் யார் பொறுப்பு, இடையில் திட்டம் மாறினால் கணக்கு எப்படி, வேலை தாமதமானால் என்ன என்று பேசியிருக்க மாட்டார்கள். “நம்ம ஆள்தானே, எழுதி வாங்கினால் தப்பாக நினைப்பார்” என்பார்கள். நம்ம ஆள் என்பதால்தான் எழுத வேண்டும். உறவைக் காப்பாற்றவே எழுத்து.

ஒரு பெண்ணின் சாட்சியம்

இந்த வரலாற்றில் மனதை உறுத்தும் ஒரு பகுதி உண்டு. மருத்துவர் சொன்ன குறைகள் ஒவ்வொன்றும் சரிபார்க்கக் கூடியவை. வெப்பம், ஒழுகல், பூச்சி, செலவு, மறைவின்மை. ஆனாலும் பல ஆண்டுகள் அவருடைய குறைகளுக்கு வேறு காரணம் சொல்லப்பட்டது. அவர் அந்தக் கலைஞரை விரும்பினார், அது நிறைவேறாத கோபத்தில் வழக்காடினார் என்று வதந்தி பேசினார்கள். புத்தகங்களிலும் அது ஏறியது. கட்டிடத்தைப் பற்றி ஒரு பெண் வைத்த விமர்சனம், அவளுடைய மனதைப் பற்றிய கிசுகிசுவாக மாற்றப்பட்டது.

மறுபுறம், 1953ல் இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்த ‘ஹவுஸ் பியூட்டிஃபுல்’ என்ற பத்திரிகை, நவீனத்துவமே அமெரிக்காவுக்கு ஆபத்து என்று பிரச்சாரம் செய்தது. அவருடைய குறை அவர்களுக்கு ஓர் ஆயுதமானது. ஒரு தரப்பு அவரைக் கேலி செய்தது, மறு தரப்பு பயன்படுத்திக்கொண்டது. அவர் சொன்னதை அப்படியே கேட்டவர்கள் குறைவு.

சந்தேகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துக்கொள்ளுங்கள், துருவித் துருவி ஆராயாதீர்கள், புறம் பேசாதீர்கள் என்ற அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் நமக்கு மனப்பாடம். வீட்டுப் பெண்கள் ஒரு குறை சொன்னால் அதை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்று இந்த வசனத்தை வைத்துப் பார்க்கலாம். “அவளுக்கு எதிலும் திருப்தி கிடையாது” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால், சமையலறைப் புகை எங்கே போகும், துணி எங்கே காயும் என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைக்காமலே போகும்.

மருத்துவர் அந்த வீட்டை உடனே விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 20 ஆண்டுகள் அங்கே வந்து தங்கினார். பின்னர் அரசு அவருடைய நிலத்தின் ஒரு பகுதியைச் சாலைக்காகவும் பாலத்துக்காகவும் எடுத்துக்கொண்டது. வாகன இரைச்சல் வந்தது. 1972ல் வீட்டை லண்டனைச் சேர்ந்த பீட்டர் பலம்போ என்பவருக்கு விற்றுவிட்டு இத்தாலியில் குடியேறினார். அங்கே இத்தாலியக் கவிஞர்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1977ல் இறந்தார்.

ஆறு தன் வழியைக் கேட்டபோது

ஆற்றங்கரையில் கட்டுவதால் வெள்ளம் வரும் என்று மீஸ் வான் டெர் ரோவுக்குத் தெரியும். தளத்தை ஐந்தேகால் அடி உயர்த்தியதற்கு அதுவே காரணம். ஆனால் அந்த உயரம் போதவில்லை. 1954லேயே வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. 1996ல் வந்த வெள்ளம் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்து பொருட்களை அடித்துச் சென்றது. கட்டிடக் கலைஞரின் பேரனே வந்து வீட்டைச் சீரமைத்தார். 2008ல் மீண்டும் தண்ணீர் ஏறியது. ஆற்றின் மேற்பகுதியில் நகரங்கள் வளர்ந்து, மண் குடிக்க வேண்டிய மழைநீர் சாலையிலும் கூரையிலும் விழுந்து நேரே ஆற்றுக்கு வருவது இதற்கு ஒரு காரணம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது நம்பிக்கை வை என்று நபியவர்கள் போதித்ததை நாம் அறிவோம். நேற்று வந்த வெள்ளத்தின் அளவைப் பார்த்துக் கட்டினால் போதாது, நாளை மேலே என்ன மாறும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஏரி உள்வாயிலும் ஆற்றுப் புறம்போக்கை ஒட்டியும் மனை வாங்கிவிட்டு, தண்ணீர் வந்த பின் தலைவிதி என்று சொல்வது தவக்குல் ஆகாது.

இன்று அந்த வீடு

2003ல் இந்த வீடு ஏலத்துக்கு வந்தது. வரலாற்றுச் சின்னங்களைப் பாதுகாக்கும் அமைப்புகள் சேர்ந்து 75 லட்சம் டாலருக்கு அதை வாங்கின. இப்போது அது பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. 2021ல் வீட்டின் பெயர் ‘ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த் வீடு’ என்று மாற்றப்பட்டது. அதுவரை குடும்பப் பெயரால் மட்டுமே அழைக்கப்பட்ட வீட்டுக்கு, அதில் வாழ்ந்த பெண்ணின் முழுப்பெயர் கிடைத்தது.

இதே காலத்தில் கட்டப்பட்ட இன்னொரு வீட்டையும் நினைத்துப் பார்க்கலாம். மீஸ் வான் டெர் ரோவின் மாதிரியைப் பார்த்துக் கவரப்பட்ட பிலிப் ஜான்சன் என்ற கட்டிடக் கலைஞர், நியூ கனான் என்ற ஊரில் 1949ல் தனக்கென ஒரு கண்ணாடி வீடு கட்டினார். அதற்கு எதிரே, அதே நிலத்தில், முன்பக்கம் ஜன்னலே இல்லாத ஒரு செங்கல் வீட்டையும் கட்டிவைத்தார். தனக்காகக் கட்டியவருக்கு, கண்ணில்படாமல் ஒதுங்கவும் ஓர் இடம் வேண்டும் என்பது தெரிந்திருந்தது. பிளேனோ மருத்துவருக்கு அந்தச் செங்கல் வீடு கிடைக்கவில்லை.

வரைபடம் போடும் முன்

இதைப் படித்துவிட்டு நவீன வீடே கூடாது என்றோ, கண்ணாடி ஹராம் என்றோ யாரும் முடிவு செய்ய வேண்டாம். விசாலமான வீடு மனிதனின் நற்பேறுகளில் ஒன்று என்று ஹதீஸ் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் அல்லாஹ்வின் அருள். அழகும் மார்க்கம் வெறுக்காத ஒன்று. கேட்க வேண்டியது, இந்த அழகு யாருக்காக என்பதுதான்.

வெளிநாட்டில் 20 வருடம் உழைத்த ஒருவர் ஊரில் வீடு கட்டுகிறார். இன்ஜினியர் கைப்பேசியில் படங்கள் அனுப்புகிறார். எலிவேஷன் நன்றாக இருக்கிறது என்று அங்கிருந்தே சம்மதம் போகிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. நடுக்கூடத்தோடு சேர்ந்த ஓப்பன் கிச்சன். வெயில் காலத்தில் பகல் முழுவதும் திரை இழுத்துவிட்டு, விளக்கைப் போட்டு, ஏ.சி.யை ஓட்ட வேண்டியிருக்கிறது. ஆண் விருந்தினர் வந்தால் சமைத்துக்கொண்டிருக்கும் பெண் உள்ளறைக்குள் போய் அடைந்துகொள்கிறாள், அடுப்பில் இருப்பது கரிகிறது. வயதான உம்மாவுக்குக் கழிப்பறை மாடியில். இப்படி ஒரு வீட்டைக் கட்டிவிட்டுக் கடனையும் வருடக்கணக்கில் அடைக்கிறோம்.

வரைபடத்தை முடிவு செய்யும் முன், அந்தத் தாளை வீட்டிலுள்ள ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். ஃபஜ்ருக்கு முன் எழும் மருமகள் எந்த வழியாக உளூச் செய்யப் போவாள்? இஷாவுக்குப் பின் பிள்ளைகள் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கிறதா? தொழுவதற்கு ஒதுங்கிய ஒரு மூலை உண்டா? எதிர்வீட்டு மாடியில் நிற்பவரின் கண்ணுக்கு எது தெரியும், நம் மாடியிலிருந்து அவர்கள் வீட்டில் எது தெரியும்? பக்கத்து வீட்டாரின் மறைவும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்தான். அவர்கள் சொல்லும் பதிலைக் கேட்டு வரைபடத்தில் பென்சிலால் திருத்துவதற்குச் செலவு கிடையாது. கான்கிரீட் போட்ட பின் திருத்துவதற்கு உண்டு. பிறகு மேஸ்திரியோடும் இன்ஜினியரோடும் பேசியதை எழுதி, சாட்சியோடு கையெழுத்திடுங்கள்.

நாம் கட்டும் வீடுகளை, உள்ளே நுழைந்ததும் நெஞ்சின் பரபரப்பு அடங்கும் ஸகனாக அல்லாஹ் ஆக்குவானாக. அதில் வாழும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் கண்ணியமும் நிம்மதியும் தருவானாக. ஆமீன்.